அச்சில் அகப்பட்ட பித்தளை

சுட்டுமுடித்த துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கீழே எறிந்துவிடாமல் பொறுக்கி எடுத்து, அதன் அடியில் வெடித்து ஓய்ந்த கேப்பை நீக்கிப் புதிய கேப்பைப் பொருத்தி, மருந்தை அளந்து இட்டு, வாயில் குண்டை அமர்த்தி, மறுபடியும் சுடுவதற்கு உரியதாக்கும் வழக்கம், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாகச் சிலருக்குப் பொழுதுபோக்காகவும், சிலருக்குச் சிறுதொழிலாகவும், வேறு சிலருக்கு வயிற்றுப்பாட்டின் நிர்ப்பந்தமாகவும் இருந்து வந்திருக்கிறது. அவ்வழக்கத்தைப் பற்றி எழுதியவர்கள் குண்டின் வேகத்தையும் குறியின் நுட்பத்தையும் விஸ்தாரமாக வர்ணித்தார்களே அன்றி, மேசையருகே நின்று, கூட்டை அழுத்தும் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுப்பவன் என்றேனும் ஒருநாள் தவறாமல் சந்திக்கும் ஒரு சங்கடத்தைச் சிறு குறிப்போடு கடந்துபோய்விட்டார்கள். வெடிப்பில் விரிந்துபோன கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சுக்குள் (பட்டறைக்காரர் இதை 'டை' என்பர்) பித்தளை இறுகிக்கொண்டு வெளிவர மறுக்கிறது. பலங்கொண்டமட்டும் இழுத்தால் அடிவிளிம்பு பிய்ந்து வருகிறதே தவிர, கூடு உள்ளேயே நின்றுவிடுகிறது. இந்தச் சிறு விபத்து ஒரு தலைமுறைக்கு அனேகமாகத் தெரியாமலே இருந்து, அடுத்த தலைமுறைக்கு அன்றாடத் தொல்லையானது ஏன் என்று ஆராய்வது வீண்வேலையாகாது என்பது என் அபிப்பிராயம்.

பித்தளை வருமுன் தோட்டா என்பது பெரும்பாலும் காகிதச் சுருள்தான். அளந்த மருந்தும் குண்டும் அதற்குள் சுற்றப்பட்டிருக்கும். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழாய்க்குள் கொட்டுவான். அக்காகிதத்தில் தடவிய கொழுப்பு எந்தப் பிராணியுடையது என்ற சந்தேகம் 1857-ல் நம் தேசத்தில் மூட்டிய தீயை இங்கே விவரிக்க வேண்டுவதில்லை. காகிதத் தோட்டாவில், சுட்ட பிறகு சேமித்துவைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. சிக்கனம் என்ற எண்ணமே உலோகக் கூட்டோடு பிறந்ததுதான். அதிலும் முதலில் பரவிய சிறு தோட்டாக்களில், வெடிப்பொருள் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருந்தது. சுத்தியல் விழுந்து விளிம்பு நசுங்கிவிட்டால் அக்கூட்டை மீண்டும் நிரப்ப உபாயமில்லை. அடியின் நடுவில் குழி அமைத்து, அதில் தனியே ஒரு கேப்பைப் பொருத்தும் முறை நிலைபெற்ற பிறகே பழைய கூட்டுக்கு மறுபிறப்பு சாத்தியமாயிற்று.

அந்த முறையை நிலைநிறுத்திய இருவரும் ஒரே ஆண்டில், 1866-ல், தத்தம் தேசத்தில் உரிமை பெற்றவர்கள். ஒருவர் இங்கிலாந்தில் உல்லிச் நகரத்து அரசாங்க வெடிமருந்துச் சாலையின் தலைவராக இருந்த எட்வர்ட் பாக்ஸர்; மற்றவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிபார்த்துச் சுடுவோர் படையை நடத்தியவரான ஹைரம் பெர்டான். பாக்ஸருடைய ஏற்பாட்டில், கேப்பு மோதுவதற்குரிய சிறு பட்டடை கேப்புக்குள்ளேயே இருந்தது. தீ உள்ளே பாய்வதற்குக் குழியின் நட்டநடுவில் ஒரே ஒரு துவாரம். பெர்டானுடைய ஏற்பாட்டில் பட்டடை கூட்டோடு ஒன்றாக இருந்தது; அதன் பக்கங்களில் இரண்டு சிறு துவாரங்கள். முதலாவதில், கூட்டின் வாய்வழியே ஓர் ஊசியை நேரே விட்டுத் தட்டினால் பழைய கேப்பு கழன்று விழும். இரண்டாவதில் நேர்வழி இல்லாமையால் கேப்பைக் கெல்லி எடுக்கவேண்டும். ஆங்கிலேயரான பாக்ஸரின் முறை அமெரிக்காவில் வேரூன்றியதும், அமெரிக்கரான பெர்டானின் முறை ஐரோப்பியப் படைகளில் வழங்கலானதும் சரித்திரத்தின் விளையாட்டுகளுள் ஒன்று. அந்த ஒற்றைத் துவாரம் இருந்த தேசத்திலேயே வீட்டில் தோட்டா நிரப்பும் வழக்கமும் செழித்தது.

அவ்வழக்கத்தின் ஆதிகாலம் அத்தனை மேன்மையானது அன்று. 1870-களில் கான்ஸாஸ், டெக்ஸாஸ் புல்வெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் ஈயத்தையும் கருமருந்தையும் மொத்தமாக வாங்கி வண்டியில் ஏற்றிச் சென்று, பகலில் சுட்ட ஷார்ப்ஸ் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக் கழுவி, இரவில் கூடாரத் தீயின் வெளிச்சத்தில் குண்டு வார்த்து மறுபடி நிரப்புவார்கள். ரயில்நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் நெடுந்தூரத்தில் ஆயத்தத் தோட்டா கிடைப்பதும் அரிது, கிடைத்தால் விலையும் அதிகம். ஒவ்வொரு கூட்டையும் எண்ணி வைத்துக் காத்த அதே மனிதர்கள், தோலை மட்டும் உரித்துக்கொண்டு மலைமலையான இறைச்சியை வெட்டவெளியில் அழுகவிட்டுச் சென்றார்கள் என்பதையும், 1880-களின் நடுவிற்குள் அம்மந்தைகள் அழிந்தே போயின என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், அவர்களுடைய சிக்கனத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

இனி, பித்தளையின் குணத்தைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். பின்வரும் தொல்லைக்கெல்லாம் அதுவே மூலம். தோட்டாவுக்குரிய பித்தளை எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்தது. மருந்து வெடிக்கும் க்ஷணத்தில் கூட்டின் சுவர் விரிந்து, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்புறமாகச் சுடுபவன் முகத்துக்கு வராமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் அதே சுவர் மயிரிழையளவு உள்வாங்கிப் பிடியை விடுகிறது. விரிதலும் மீளுதலுமாகிய இவ்விரண்டு காரியங்களையும் ஒருங்கே செய்யும் உலோகம் எளிதில் அமைவதில்லை. வெறும் செம்பு விரிகிறது. ஆனால் போதிய அளவு மீளுவதில்லை.

செம்பின் இக்குறை எத்தகைய இடத்தில் வெளிப்பட்டது என்பதற்கு ஒரு பிரசித்தமான சாட்சியம் உண்டு. 1876 ஜூன் மாதம் மொன்டானா பிரதேசத்து லிட்டில் பிக்ஹார்ன் நதிக்கரையில் ஸூ, ஷையென் இனத்தாரோடு நடந்த போரில், அமெரிக்கக் குதிரைப்படைத் தலைவர் கஸ்டரும் அவரோடிருந்த வீரர்களும் ஒருவர் மிச்சமின்றி மாண்டனர். நான்கு மைல் தள்ளி ஒரு குன்றின்மேல் முற்றுகையிடப்பட்டுத் தப்பிய, அதே படையைச் சேர்ந்த மேஜர் ரீனோ, மறுமாதம் ஆயுதசாலைத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், தம் படையிலிருந்த 380 துப்பாக்கிகளுள் ஆறு பயனற்றுப் போயின என்றும், சுட்டபின் பின்கதவைத் திறக்கையில் தோட்டாவின் தலை மட்டும் பிய்ந்து வர, உடல் குழாய்க்குள்ளேயே நின்றுவிட்டது என்றும் தெரிவித்தார். அக்காலத்துப் படைத் தோட்டாக்கள் செம்பால் ஆனவை. கஸ்டர் தோற்றதற்கு இச்செம்பே காரணம் என்று சாதித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு நூற்றாண்டுக்குப் பின் அப்போர்க்களத்தைத் தோண்டி ஆராய்ந்தபோது, கத்தியால் நெம்பிய கீறல் உள்ள கூடுகள் மிகச் சிலவே கிடைத்தமையால், அவ்வாதம் பெரும்பாலும் வலுவிழந்தது. எனினும் ரீனோவின் ஆறு துப்பாக்கிகளில் நடந்ததும், இன்றைக்கு ஒருவன் தன் வீட்டு மேசையில் அச்சோடு போராடுவதும் ஒரே நிகழ்ச்சியின் இரு வடிவங்கள்: பிடித்திழுக்க இருப்பது மெல்லிய விளிம்பு ஒன்றே, அதன் வலிமையைச் சுவரின் உராய்வு மிஞ்சிவிடுகிறது. பின்னர் அமெரிக்கப் படை பித்தளைக்கு மாறியது. 1880-களில் படைமுகாம்களில் குறிப்பயிற்சிக்கு வேண்டிய தோட்டாக்களை வீரர்களே நிரப்பிக்கொள்ளும் உபகரணங்களும் வழங்கப்பட்டன.

பித்தளையும் குற்றமற்றதன்று என்பதை நிரூபித்த பெருமை நம் நாட்டு மழைக்கு உரியது. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர், பருவமழைக் காலத்தில் குதிரைலாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்கள், யாரும் தொடாமலே கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டிருப்பதைக் கண்டார்கள். நெடுங்காலம் புதிராயிருந்த இதற்கு, 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள் விடை கண்டார்கள். கூட்டை இழுத்து உருவாக்குகையில் உலோகத்துக்குள் தங்கிவிடும் இழுவிசையும், லாயத்துச் சாணமும் மூத்திரமும் வெளியிடும் அம்மோனியாவும், ஈரக்காற்றும் ஒன்று கூடும்போது பித்தளை வெடிக்கிறது. கழுத்தை அளவாகக் காய்ச்சி அந்த உள்விசையைத் தணித்துவிட்டால் விபத்து நீங்கும். இன்றும் படைத் தோட்டாக்களின் கழுத்தில் தீப்பட்ட பழுப்புநிறம் தெரிவது இதனால்தான். ஒரே கூட்டைப் பலமுறை அச்சில் இட்டு நெருக்கினால் உலோகம் இறுகி நொறுங்கும் தன்மை அடைகிறது. அதை மறுபடி இளக்குவதற்கு இதே காய்ச்சலை நிரப்புவோரும் கையாளுகிறார்கள். அவர்களுள் விஷயம் தெரிந்தவர்கள் அம்மோனியா கலந்த பாலிஷைக் கூடுகளின் பக்கமே அண்டவிடுவதில்லை.

வீட்டில் நிரப்புவோருக்கு முறையான கருவிகளைச் செய்து விற்றோருள் முதன்மையானவர் ஜான் பார்லோ. 1884-ல் கனெக்டிகட் மாநிலத்தில் அவர் தொடங்கிய ஐடியல் கம்பெனியின் கருவி, பாக்குவெட்டி போல இரு கைகளைக் கொண்ட இடுக்கி. உள்ளங்கையில் அடங்கும் அந்த ஒரே கருவி கேப்பைக் கழற்றும், புதியதைப் பொருத்தும், குண்டை அமர்த்தும். சில வகைகளில் குண்டு வார்க்கும் அச்சுகூட அதன் நுனியிலேயே அமைந்திருந்தது. அக்கம்பெனி கைமாறிக் கைமாறி 1925-ல் லைமன் ஸ்தாபனத்தை அடைந்தது. இடுக்கியோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் விலைபோயிற்று. நம் விஷயத்துக்கு முக்கியமானது, அந்த இடுக்கியால் செய்ய இயலாத காரியமே. மனிதனுடைய கைப்பிடி அழுத்தத்தைக்கொண்டு கூட்டின் கழுத்தை மட்டும் ஒடுக்கலாம். தடித்த உடற்பகுதியை ஒடுக்க முடியாது. ஒரு துப்பாக்கியில் சுட்ட கூட்டை அதே துப்பாக்கியில் மறுபடி இடுவதானால், உடலை ஒடுக்கவேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. அந்த அறையின் அளவுக்கே அது விரிந்திருக்கிறது. ஆகவே பார்லோவின் வாடிக்கைக்காரர்களுக்குக் கூடு சிக்கும் விபத்து அனேகமாகத் தெரியாது. கருவியின் பலவீனமே அவர்களுக்குக் காப்பாக இருந்தது.

புகையில்லா மருந்தும், அதைத் தொடர்ந்து விரைந்து சுடும் துப்பாக்கிகளும் பெருகியபோது இந்த நிலை மாறிற்று. 1906-ல் அமெரிக்கப் படை மேற்கொண்ட .30-06 தோட்டாவில் எழும் அழுத்தம், பழைய கருமருந்துத் தோட்டாவில் எழுந்ததைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. அதிக அழுத்தத்தில் அதிகம் விரியும் பித்தளை, தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியின் அறைக்குள் தடையின்றி நுழையவேண்டுமானால், கழுத்து மட்டுமல்ல, உடலும் அடிவரைக்கும் பழைய அளவுக்கு ஒடுங்கவேண்டும். அதற்கு முழுநீள அச்சும், மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பிரஸ்ஸும், நீண்ட நெம்புகோலும் வேண்டியிருந்தன. அச்சின் வெளிப்புறத்தில் 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 மரையும் என்பது காலப்போக்கில் பொதுவழக்காகி, ஒருவருடைய அச்சை வேறொருவருடைய பிரஸ்ஸில் மாட்டும் வசதி உண்டாயிற்று. மனிதனுடைய கைப்பலம் பன்மடங்காகப் பெருகியது. கூடு சிக்குவதும் அன்றே தொடங்கியது.

அது பரவியதோ இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர். போர்க்காலத்தில் செம்பும் பித்தளையும் படைக்கே போய்விட, குடிமக்களுக்குத் தோட்டா கிடைப்பது அருமையாயிற்று. போர் முடிந்ததும் எதிர்த்திசையில் வெள்ளம் பாய்ந்தது. கான்ஸாஸைச் சேர்ந்த ப்ரூஸ் ஹாட்ஜ்டன், அரசாங்கம் கழித்துவிட்ட 4895 என்னும் மருந்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றார். 1949-ல் ஜாய்ஸ் ஹார்னடி நெப்ராஸ்கா மாநிலத்தில் குண்டு செய்யத் தொடங்கினார். அவர்களுக்குச் சற்று முன்னரே, 1943-ல், கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் சிற்றூரில், பிரெட் ஹன்டிங்டன் என்பவர் தம் தந்தையின் சலவைக் கடைக்குப் பின்புறத்தில் இருந்துகொண்டு சிறு குண்டுகளை உருவாக்கும் அச்சு ஒன்றைச் செய்து, அதிலிருந்து ஆர்.சி.பி.எஸ். என்ற ஸ்தாபனத்தை வளர்த்தார். அவருடைய கனத்த பிரஸ்கள் தேசமெங்கும் பரவின. இவற்றோடு படையினர் சுட்டுத் தள்ளிய கூடுகளும் அற்ப விலைக்கு வந்தன. அவற்றுள் பல இயந்திரத் துப்பாக்கிகளில் சுட்டவை. சேறும் தூசியும் புகுந்தாலும் நிற்காமல் சுடவேண்டும் என்பதற்காக அத்துப்பாக்கிகளின் அறை தாராளமாகக் கடையப்பட்டிருக்கும். அதில் வெடித்த கூடு மிகவும் உப்பியிருக்கும். புதிதாகத் தொழில் பயில்பவன், மலிவாகக் கிடைத்த உப்பிய கூட்டை, வலிய பிரஸ்ஸில், போதிய எண்ணெய் தடவாமல் இட்டு அழுத்தினால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம்.

எண்ணெய் என்றேன்; சாதாரண மெஷின் எண்ணெய் இதற்குப் போதாது. இவ்வளவு நெருக்கத்தில் மெல்லிய எண்ணெய் பிதுங்கி ஓடிவிட, எஃகும் பித்தளையும் நேரடியாக உரசி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அழுத்தத்திலும் பிரியாத பசை வேண்டும். ஆட்டுமயிரிலிருந்து எடுக்கும் லானோலின் என்னும் கம்பளிக்கொழுப்பு இதற்குச் சிறந்தது என்பதை அனுபவத்தால் கண்டார்கள்; மெழுகும் சவர்க்காரமும் கிராபைட் பொடியும்கூடப் பிரயோகத்தில் இருந்தன. ஆனால் தாராளமாகப் பூசினாலும் தொல்லைதான். மிஞ்சிய கொழுப்பு அச்சின் தோள்பகுதியில் தேங்கி, போக இடமின்றிக் கூட்டின் தோளில் குழிகளை அழுத்திவிடும். அச்சின் பக்கத்தில் சிறு துவாரம் இடுவது இதனால்தான். குறைந்தால் சிக்கும், கூடினால் குழியும் என்ற இவ்விரண்டுக்கும் நடுவில் விரல்நுனிக்குத் தெரியும் அளவு ஒன்று உண்டு. அதை எந்தப் புஸ்தகமும் கற்பித்ததில்லை.

சிக்கியபின் என்செய்வது என்பதில் பலர் பலவிதமான சாமர்த்தியம் காட்டியிருக்கிறார்கள். அச்சைச் சூடேற்றலாம் என்று தோன்றும். ஆனால் பித்தளை எஃகைக் காட்டிலும் அதிகம் விரியுமாகையால் முதலில் இறுக்கம் கூடும், அளவு மீறினால் அச்சின் பதமும் போய்விடும். குளிரவைத்தால் பித்தளை கூடுதலாகச் சுருங்கும் என்பது சாஸ்திரப்படி சரி; ஆனால் பன்னிரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள கூட்டை நாற்பது டிகிரி குளிரவைத்தாலும் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பாகத்துக்கும் குறைவு. அதை நம்பி ஒருவன் இரவெல்லாம் காத்திருக்கலாம், பலன் அனேகமாக இராது. மேலிருந்து கம்பியை விட்டுச் சுத்தியலால் அடித்து இறக்கப் பார்த்தவர்களும் உண்டு. அச்சின் நடுவே நின்று கேப்பைக் கழற்றும் தண்டை முதலில் அகற்றாமல் அடித்தவர்கள், கூட்டோடு தண்டையும் சேதப்படுத்தினார்கள்.

முடிவில் நிலைத்த முறை, கடைசல் பட்டறையில் எவரும் அறிந்த எளிய சூத்திரமே. தண்டை இயன்றமட்டும் மேலே தூக்கிவிட்டு, அச்சைக் கழற்றித் தலைகீழாக இறுகப் பிடித்துக்கொண்டு, கூட்டின் அடியில் கேப்பு இருந்த குழியின் வழியே துளையிட வேண்டும். பெரிய துப்பாக்கித் தோட்டாவின் கேப்புக் குழி 0.21 அங்குல விட்டமுள்ளது; கால் அங்குல போல்ட்டுக்கு மரை வெட்டுமுன் இடவேண்டிய துளை 0.2 அங்குலம். ஆகவே துளையின் பெரும்பகுதியைத் தோட்டாச் சாலையே இட்டுக்கொடுத்திருக்கிறது. நடுவிலுள்ள தீத்துவாரமே டிரில்லுக்கு வழிகாட்டி. பாக்ஸர் எந்த வாயில்வழியே பழைய கூட்டுக்கு மறுபிறப்புக் கொடுத்தாரோ, அதே வாயில்வழியேதான் அதை மீட்கவும் நேர்கிறது. துளையில் மரை வெட்டி, அச்சின் வாய்மேல் ஒரு கிண்ணத்தையோ பெரிய நட்டையோ கவிழ்த்து, அதற்கு மேலே வாஷர் வைத்து, கால் அங்குல போல்ட்டைச் செலுத்தி ஸ்பானரால் திருப்பினால், அங்குலத்துக்கு இருபது மரையுள்ள அந்த போல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அங்குலத்தில் இருபதில் ஒரு பங்குதான் நகரும். கைப்பிடியை ஒரே வீச்சில் இழுத்தபோது மெல்லிய விளிம்பில் விழுந்த பாரம், இங்கே தடித்த அடிப்பகுதி முழுவதிலும் மெதுவாக விழுகிறது. உலோகம் முதலில் முனகும். பிறகு சட்டென்று ஒரு சத்தத்துடன் பிடி விடும். கூடு பாழ்தான். அச்சின் உட்புறத்தில் மட்டும் கீறல் இருக்கிறதா என்று விளக்கில் பார்க்கவேண்டும். ஒட்டிய பித்தளைத் துணுக்கைத் துடைக்காமல் விட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு கூட்டிலும் அதன் கோடு விழும்.

இச்சங்கடத்தை அடியோடு ஒழிக்கவும் ஒரு முயற்சி நடந்தது. அதற்குப் பாதி வெற்றியே கிட்டியது. 1920-களில் ஜெர்மனியில் உண்டான டங்ஸ்டன் கார்பைடு என்னும் கடினப்பொருளால் அச்சின் வாயில் ஒரு வளையம் அமைத்தால், பித்தளை அதில் ஒட்டுவதில்லை. எண்ணெய் தடவாமலே கூட்டை ஒடுக்கலாம். கைத்துப்பாக்கியின் நேரான கூடுகளுக்கு இது வரப்பிரசாதமாயிற்று. தோளும் கழுத்தும் உள்ள நெடுந்துப்பாக்கிக் கூட்டுக்கோ ஒரு வளையம் போதாது. கூட்டின் வடிவம் முழுவதையும் அக்கடினப்பொருளிலேயே குடைந்தெடுக்கவேண்டும், அதற்கு ஆகும் செலவோ சாதாரண எஃகு அச்சைப்போலப் பலமடங்கு. அப்படிச் செய்தாலும் எண்ணெய் தடவாமல் தப்ப முடிவதில்லை. ஆகையால் கம்பளிக்கொழுப்பு இன்னும் விலைபோகிறது. அச்சு விற்கும் ஸ்தாபனங்களே டிரில்லும் மரை வெட்டும் டேப்பும் போல்ட்டும் அடங்கிய சிறு பெட்டியையும் அதன் பக்கத்தில் வைத்து விற்கின்றன. துளையிடக் கை வராதவர்கள், சிக்கிய கூட்டோடு அச்சைத் தபாலில் அனுப்பிவிட்டால், அவற்றுள் சில அதை எடுத்துத் துடைத்துத் திருப்பி அனுப்புகின்றன.